தோட்டப்புற ஊரில் வீரர் நினைவுப் பூங்கா: பெயர் தேடுவது முதல் புல் வெட்டுவது வரை

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம். ஒரே கடைத்தெரு, ஒரு போலீஸ் நிலையம், தமிழ்ப்பள்ளி, கோயில், சூராவ் எனும் சிறு தொழுகைக்கூடம், சீனர்களின் புதுக்கிராமம், சுற்றிலும் தோட்டம். முன்பு பால்மரம், இப்போது செம்பனை. பணியில் இருந்தபோது உயிர்விட்ட எங்கள் ஊர்க்காரர்களுக்காக இங்கே நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சின்ன நினைவுப் பூங்கா போட்டோம். முழுதாக நாலு வருஷம் ஆனது. அதில் கட்டுமான வேலை ஆறு வாரம்தான், மீதி எல்லாம் பெயர், நிலம், கையெழுத்து. பக்கத்து ஊர்க்காரர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் வாட்சாப்பில் குரல்பதிவு போட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

பாதி வேலை முடிந்த பிறகு எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு விஷயம் சொன்னார். போரில் விழுந்தவனுக்கு நடுகல் நடுவதற்குத் தொல்காப்பியம் ஆறு படி வகுத்திருக்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடிகிறது. அந்தக் காலத்தில் யார் விழுந்தான் என்பது ஊருக்கே தெரியும், கல்லைத் தேடினால் போதும். நமக்குக் கல் ஈப்போவில் காசு கொடுத்தால் கிடைக்கும், பெயர்தான் கிடைக்காது. அதனால் எங்கள் வரிசையில் பெயர்தான் முதல் படி.

முதலில் ஒரு விதி எழுதுங்கள்

யார் பெயர் கல்லில் வரும், யார் பெயர் வராது என்பதை ஒரே ஒரு தாளில், நாலைந்து வரியில், பெயர் சேகரிக்கக் கிளம்பும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பெயர்கள் வந்த பிறகு விதி எழுதினால் அது விதியாக இருக்காது, சண்டையாக இருக்கும்.

எங்கள் விதி இதுதான்: இந்த ஊரில் அல்லது இதைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்தவர், குடியிருந்தவர் அல்லது இங்கே பணியில் இருந்தவர், படை, போலீஸ், சிறப்புக் காவலர், ஹோம் கார்ட் இவற்றில் ஏதாவது ஒன்றில் இருந்து பணியின்போது இறந்தவர். இனம் கிடையாது, பதவி கிடையாது. கார்ப்பரலும் இன்ஸ்பெக்டரும் ஒரே அளவு எழுத்தில், அகரவரிசையில். இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1917-இல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அன்றிலிருந்தே பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாதிரி நினைவுக்கல் என்ற கொள்கையை வைத்திருக்கிறது.

படைவீரர் பூங்காவில் போலீஸ்காரர் எதற்கு என்று ஒருவர் கேட்டார். நம் நாட்டின் கதை அப்படி. அவசரகாலத்தில், அதாவது 1948 முதல் 1960 வரை நடந்த முதல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின்போது, மலாயாவின் போலீசாரும் படைவீரர்களுமாக 1,300-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் போலீஸ் தரப்புதான் அதிகம். தோட்டத்து ஸ்டோரையும் துரை பங்களாவையும் லயத்தையும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களும் அதில் சேர்த்தி. நம் பெரியவர்கள் எஸ்.சி. என்று சொல்வார்களே, அவர்கள்தான். பிற்காலத்திலும் அப்படித்தான். 2000 ஜூலையில் சௌக், புக்கிட் ஜெனாலிக்கில் அல்-மாவுனா என்ற ஆயுதக் கும்பல் பிடித்துவைத்திருந்தபோது உயிர்விட்ட இருவரில் சகாதேவன் போலீஸ்காரர், மேத்யூ அனாக் மேடான் படைவீரர். இவர்களைப் பிரித்து இரண்டு கல் வைக்க யாருக்கு மனசு வரும்?

எந்தெந்தக் காலம் என்பதையும் எழுதிவிடுங்கள். இரண்டாம் உலகப்போர், அவசரகாலம், இந்தோனேசியாவுடனான மோதல் 1963 முதல் 1966 வரை, 1968-இல் மறுபடி தொடங்கி 1989 டிசம்பர் 2-ஆம் தேதி ஹட்யாய் ஒப்பந்தத்தில் முடிந்த இரண்டாவது கம்யூனிஸ்ட் கிளர்ச்சி, அப்புறம் காங்கோ, சோமாலியா, போஸ்னியா என்று ஐ.நா. பணிகள், 2013-இல் சபாவின் லாஹாட் டத்துவில் நடந்த ஆயுத ஊடுருவல். பட்டியலாக இருந்தால்தான், "எங்க மாமா பார்டர்ல செத்தாரு, அது கணக்குல வருமா?" என்று கேட்பவருக்கு உடனே பதில் சொல்ல முடியும்.

இப்போது கஷ்டமான இடம். எங்கள் கூட்டத்தில் மிக நீளமாக, ஒரு தடவை நடுராத்திரி வரை, பேசியது இரண்டு விஷயம்.

ஒன்று, சயாம் மரண ரயில். தோட்டத் தமிழர் எந்த வீட்டைத் தட்டினாலும் அந்தக் கதை வரும். 1942, 43-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட ஜப்பானியர்கள் லயம் லயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர்களில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறை வரிசையாக, பெயரோடு நிற்கிறது. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் வெட்டிய வரிசை இல்லை. அந்தக் கோபத்தில் சிலர் அவர்கள் பெயரையும் இந்தக் கல்லிலேயே போடச் சொன்னார்கள். என் கருத்து: வேண்டாம். அவர்கள் சீருடை போட்டுப் போனவர்கள் இல்லை, இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்கள். வீரர் என்று எழுதினால் அவர்களுக்கு நடந்த கொடுமை மறைந்துவிடும். நாங்கள் பூங்காவின் மறுமூலையில், ஒரு மரத்தடியில், அவர்களுக்குத் தனியாக ஒரு கல் வைத்தோம். என்ன நடந்தது என்பதை அதில் நேரடியாக எழுதினோம். இன்றைக்கு அந்த மூலையில்தான் வயதானவர்கள் அதிக நேரம் நிற்கிறார்கள்.

இன்னொன்று, நேதாஜியின் படை. 1943 முதல் தோட்டத்துப் பையன்களும், ஜான்சி ராணிப் படையில் பெண்களும் சேர்ந்தார்கள். அதே நேரம் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர்களும் உண்டு. எதிரெதிராக நின்றவர்களை ஒரே கல்லில் போடலாமா? போட்டோம். எந்தப் படை என்பதைப் பெயருக்குக் கீழே ஒரு வரியில் எழுதினால் படிப்பவர் புரிந்துகொள்வார். நாம் எண்பது வருஷம் கழித்து உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் தேடுவது

பழைய தோட்டம் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, பெயர் மாறி, ஆட்கள் கிள்ளான், ஷா ஆலம், ஜொகூர் என்று போய்விட்ட ஊர் நம்முடையது. அதனால் முதலில் செய்ய வேண்டியது, முன்னாள் தோட்டத்துக்காரர்கள் வைத்திருக்கும் வாட்சாப் குழுவைப் பிடிப்பது. எல்லாத் தோட்டத்துக்கும் ஒன்று உண்டு. திருவிழா நேரத்தில் அதில் போடுங்கள், எல்லாரும் படிப்பார்கள்.

வீட்டுக்கு நேரில் போகும்போது ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு தமிழர் என்று மூன்று பேர் சேர்ந்து போனால் கதவு சீக்கிரம் திறக்கிறது. கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) எங்களோடு வந்த பாக்சிக், அந்த மலாய்ப் பெரியவர், இல்லாவிட்டால் நாலு குடும்பத்தை நாங்கள் கண்டுபிடித்தே இருக்க மாட்டோம். கேட்க வேண்டியது: பதக்கம் இருக்கிறதா, பென்சன் புத்தகம் இருக்கிறதா, படை எண் எழுதிய ஏதாவது தாள் இருக்கிறதா. படை எண் ஒன்று கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முன்னாள் படைவீரர் விவகாரத் துறைக்கோ முன்னாள் படைவீரர் சங்கத்தின் உங்கள் மாவட்டக் கிளைக்கோ அந்த எண்ணோடு எழுதிக் கேட்கலாம்.

உலகப்போர்க் காலத்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம், இலவசம். ஆனால் அவர்கள் கணக்கு இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரைதான். அவசரகாலத்தில் இறந்தவர்களை அதில் தேடி மூன்று மாதம் வீணடித்தது நான்தான், நீங்களும் வீணடிக்க வேண்டாம். அவசரகாலத்துக்குப் பழைய செய்தித்தாள்தான் வழி. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளையும் தமிழ் முரசையும் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. தோட்டத்தின் பழைய பெயரைப் போட்டுத் தேடுங்கள், ஆள் பெயரைப் போட்டால் கிடைக்காது. ஒரே முனியாண்டியை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு பாட்டி சொன்னது இது: "லயத்துல கூப்பிட்டது ஒரு பேரு, சேக்ரோல்ல ஒரு பேரு, போலீஸ்ல சேரும்போது கிராணி எழுதிக் குடுத்தது இன்னொரு பேரு, நீ எதைத் தம்பி வெட்டப் போற?" சேக்ரோல் என்பது தோட்டத்து ஆள்பெயர்ப் பதிவேடு, கிராணி என்பவர் குமாஸ்தா. நியாயமான கேள்வி. நாங்கள் வைத்த முறை: பணி ஆவணத்தில் உள்ள பெயரே கல்லில் வரும். ஆவணம் இல்லாவிட்டால் குடும்பம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆவணம், ஒரு வாய்மொழி சாட்சி, இரண்டும் வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் காத்திருப்புப் பட்டியலில் வையுங்கள். தவறான பெயரை வெட்டிவிட்டு அழிப்பதைவிடக் காலி இடம் விடுவது மேல்.

நிலம்

தோட்டப்புற ஊரில் கண்ணில் படும் நிலமெல்லாம் யாருடையதோ. தோட்டத்து நிலத்தில் மானேஜர் வாய்வார்த்தையாகச் சரி என்றார் என்பதற்காகக் கல் நட்டுவிடாதீர்கள். அவர் அடுத்த வருஷம் மாற்றலாகிப் போவார், தோட்டமே கைமாறும், வீடமைப்புத் திட்டம் வரும். கோயில்களுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாததா?

அரசாங்க நிலத்துக்கு டி.ஓ.எல். எடுக்கலாமே என்பார்கள். தற்காலிக உரிமம் என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. எந்த மாதம் எடுத்தாலும் அந்த வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும், மறுபடி புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்துத் தருவார்கள் என்று உத்தரவாதமும் கிடையாது. கல்லை அப்படி நட முடியாது.

கோயில் வளாகம் சுலபம்தான், கேட்ட அன்றே கொடுப்பார்கள். ஆனால் அங்கே வைத்தால் மலாய்க் குடும்பங்கள் வரத் தயங்கும், பட்டியலில் பாதிப் பெயர் அவர்களுடையது. பள்ளி வளாகத்தில் வைத்தால் பூட்டுப் போட்ட பிறகு யாரும் உள்ளே போக முடியாது. எங்களுக்குச் சரியாக அமைந்தது, பொதுத்திடலின் ஓரம். ஏற்கெனவே பொதுப் பயனுக்கென்று ஒதுக்கிய நிலம், மாவட்ட மன்றத்தின் பராமரிப்பில் இருப்பது. பெரிய லாபம் என்னவென்றால், அவர்கள் மாதாமாதம் திடலில் புல் வெட்டுகிறார்கள், நம் மூலையையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள். நில அலுவலகத்தில் அந்த இடத்தின் நிலையை முதலில் உறுதிசெய்துகொண்டு, மன்றத்துக்கு ஒரு பக்கக் கடிதம், ஒரு வரைபடம், பெயர்ப்பட்டியல் மூன்றையும் கொடுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை ஒரு செங்கல்லும் இறக்காதீர்கள். எங்கள் கோப்பு ஓர் அலுவலகத்தில் இரண்டு தடவை தொலைந்தது, அதனால் எதைக் கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

சங்கம், காசு

சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செயல்பட்டால் சட்டப்படி அது சங்கம், பதிவிலாகாவில் பதிய வேண்டும். புதிதாகப் பதிவதைவிட, ஏற்கெனவே பதிவான ஒரு முன்னாள் படைவீரர் சங்கக் கிளையின் கீழ் துணைக்குழுவாக இருப்பது சுலபம், வங்கிக்கணக்கும் கிடைக்கும். யாருடைய சொந்தக் கணக்கிலும் ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) வாங்காதீர்கள். நன்கொடையாளர் பெயர்ப்பலகை கேட்பார்கள். வாசலில், முழங்கால் உயரத்தில், சின்னதாக வையுங்கள். வீரர்களின் கல்லைவிடப் பெரிதாக ஒய்.பி. (மக்கள் பிரதிநிதி) பெயர் நிற்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன், அது பார்க்க நன்றாக இல்லை.

கல்

கோலாலம்பூரில் 1966-இல் திறந்த தேசிய நினைவுச்சின்னம் 15 மீட்டர் உயர வெண்கலச் சிலை. அதைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் சிலை என்று யாராவது கட்டாயம் சொல்வார். வேண்டாம். மனித உருவச் சிலைக்கு முன் மரியாதை செய்வதில் முஸ்லிம் குடும்பங்களுக்குச் சங்கடம் உண்டு, அதை அவர்கள் வாயால் சொல்ல வைக்கக் கூடாது. தவிர, நமக்குக் கட்டுப்படியாகும் காசுக்குச் சிமெண்டில் சிப்பாய் செய்தால் அவர் கடைசியில் மீசை வைத்த முனீஸ்வரர் மாதிரிதான் நிற்பார். நடுகல் மாதிரி ஒரு நிமிர்ந்த கல், அதில் பெயர், அது போதும்.

பளிங்கு ஈப்போப் பக்கம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் நம் மழைக்கு அது கறுத்துப் பாசி பிடிக்கும், எழுத்தின் ஓரம் கரையும். கருங்கல் எடுங்கள். பித்தளைத் தகட்டில் எழுத்து வேண்டவே வேண்டாம், ஒரு வாரத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள், தங்கப் பெயிண்ட் போனாலும் விரலால் தடவிப் படிக்கிற ஆழம். தமிழ் எழுத்து ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் சுழியும் புள்ளியும் அடைந்துபோகும்.

மலாய் மேலே பெரிதாக, அப்புறம் தமிழ், சீனம், ஆங்கிலம். இதில் தமிழ்தான் ஆபத்து. கல் வெட்டுபவருக்குத் தமிழ் தெரியாது, அவர் கணினியில் திறந்தால் கொம்பும் காலும் இடம்மாறி உட்காரும், 'கொ' என்பது மூன்று துண்டாகும். எழுத்தாக அனுப்பாமல் படமாக, கோட்டுருவமாக மாற்றி அனுப்புங்கள். காகிதத்தில் முழு அளவில் அச்சிட்டுக் கல்லின் மேல் ஒட்டச் சொல்லி, தமிழ் தெரிந்த இரண்டு பேர் ஈப்போவுக்கு நேரில் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வெட்ட வேண்டும். நாங்கள் போன அன்று ஒரு 'ணி', 'னி'யாக இருந்தது. போகாமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் எப்படி விழிப்பது?

கல்லின் கீழ்ப்பக்கம் கால்வாசி இடத்தைக் காலியாக விடுங்கள். பெயர் வரும்.

செடி, பாதை, தண்ணீர்

இடம் பெரிதாக வேண்டாம், ஒரு பூப்பந்து ஆடுகளம் அளவு போதும். செம்மண் நிலம் மழையில் வழுக்கும், அதனால் பாதைக்குக் கல் பதியுங்கள், அகலம் 1.2 மீட்டருக்குக் குறையாமல். வருகிறவர்களில் பாதிப்பேர் சக்கர நாற்காலியில் வரும் வயது. படி வைக்காதீர்கள், சரிவு வையுங்கள், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். கல்லைச் சுற்றித் தண்ணீர் நிற்காமல் வாய்க்காலுக்கு ஓட வேண்டும்.

செடியில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வேலியாக வெட்சி. நாம் இட்லிப்பூ என்று சொல்கிறோமே, அதுதான். பழந்தமிழில் போருக்குக் கிளம்புகிறவன் சூடிய பூ, இங்கே சாலையோரமெல்லாம் வெட்ட வெட்டத் தழைக்கிறது, வெயில் மழை எதற்கும் அசராது. நாலு மூலைக்குச் செம்பருத்தி, 1960 முதல் அதுதானே நம் தேசிய மலர். சயாம் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பவளமல்லி, காலையில் பூ தானாகவே கல்லின் மேல் உதிர்ந்து கிடக்கும், யாரும் மாலை வாங்கி வராத நாளிலும். கெம்போஜா அழகுதான், ஆனால் மலாய்க்காரர்களுக்கு அது கல்லறை மரம், இது கல்லறை இல்லை என்பதால் விட்டுவிட்டோம். நிழலுக்குத் தூங்குமூஞ்சி நட ஆசைப்படாதீர்கள், தைப்பிங் ஏரிக்கரையில் அதன் கிளை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். ஒரே ஒரு பால்மரம் வைத்தோம், பெப்ரவரியில் இலை கொட்டும்போது கூட்டுகிறவர் திட்டுவார், பரவாயில்லை.

பூச்சாடி வைக்காதீர்கள். தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு, சுகாதார இலாகா வந்து அபராதம் போடும். பூவைச் செருக மணல் நிரப்பிய தொட்டி போதும். மாடு வரும், காட்டுப்பன்றி புல்லைக் கிளறும், அதனால் இடுப்பளவு கம்பிவேலி, உள்பக்கம் வெட்சி. ஒரு தண்ணீர்க் குழாய் கட்டாயம். அதை நாங்கள் மறந்துவிட்டு முதல் வறட்சியில் சீனக்கடையிலிருந்து வாளியில் தூக்கினோம்.

ஜூலை 31

வீரர் தினம் ஜூலை 31. 1960-இல் அவசரகாலம் முடிந்த நாள் அது. அது தொடங்கியதோ எங்கள் பக்கம், 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைகள் சுடப்பட்டபோது. அதனால் எங்களுக்கு வேறு நாள் பார்க்கத் தேவையே இல்லாமல் போனது.

காலை எட்டு மணிக்கு வையுங்கள், மத்தியானத்துக்கு மேல் மழை. எங்கள் நிரல் அரை மணி நேரம்தான்: கொடி, பெயர் வாசிப்பு, மௌனம், பள்ளி இசைக்குழுப் பையன் ஒருவனின் ஊதுகொம்பு, அப்புறம் அவரவர் முறையில் வேண்டுதல். இமாம் டோவா ஓதுவார், பூசாரி தீபம் காட்டுவார், சீனக் குடும்பங்கள் ஊதுபத்தி கொளுத்தும். யாரும் யாருடையதிலும் கட்டாயமாகக் கலந்துகொள்ள வேண்டியதில்லை, நேரம் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக. பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கட்டும், முந்தின வாரமே குடும்பத்தாரிடம் உச்சரிப்பைக் கேட்டுப் பழக்குங்கள். பிரமுகர் பேச்சு ஐந்து நிமிடம், அதுவும் குடும்பங்கள் பூ வைத்த பிறகு. சாப்பாடு ஹலால் கடையில் சொல்லுங்கள், கூடவே சைவத்துக்கு ஒரு பக்கம். நாசி லெமாக்கும் தே தாரிக்கும் சர்க்கரைப் பொங்கலும், எங்கள் பெரும்படை அவ்வளவுதான்.

அதற்கப்புறம்

கல்லைக் கழுவ மென்மையான பிரஷும் வெறும் தண்ணீரும் போதும், கிளோரோக்ஸ், அமிலம் எதுவும் கூடாது. வருஷத்துக்கு இரண்டு கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் வேலை): ஜூலையில் ஒன்று, அக்டோபர் கடைசியில் பெருமழைக்கு முன் வாய்க்கால் தூர்வார ஒன்று. சாவி, குழாய், வேலி எல்லாவற்றுக்கும் இரண்டு பேர் பொறுப்பு, அதில் ஒருவர் நாற்பது வயதுக்குக் கீழே. எங்கள் குழுவில் இரண்டு பேர் கல் திறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆவணங்கள் எல்லாவற்றையும் மூன்று இடத்தில் வையுங்கள். முக்கியமாகக் கல்லுக்குச் செய்த எழுத்துக் கோப்பு. திறப்பு விழா முடிந்து ஏழாவது மாதம் கோலக் கங்சாரிலிருந்து ஓர் அம்மா பிளாஸ்டிக் பையில் பதக்கமும் ஒரு தந்தியும் கொண்டுவந்தார், ஆவணம் சரி, சாட்சியும் சரி, கீழே இடமும் இருந்தது. ஆனால் கோப்பு இருந்த மடிக்கணினி அதற்குள் செத்துப்போயிருந்தது. கல்லில் இருக்கும் எழுத்தின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஒவ்வோர் எழுத்தாகப் பிரதி எடுத்துத்தான் அவருடைய அப்பாவின் பெயரைச் சேர்த்தோம். அதில் 'ழ' மட்டும் ஏற்கெனவே கல்லில் எங்கேயும் இல்லை, அதைப் பள்ளி ஆசிரியர் கையால் வரைந்தார்.